கடைசிக் குழாய் வரை: ஓர் ஊராட்சியின் அன்றாடக் கணக்கு

மாணவர்களே! மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் விடியற்காலையில் நடக்கும் ஒரு வேலையைக் கவனித்திருப்பீர்கள். மோட்டார் அறையின் பூட்டைத் திறந்து ஒருவர் சுவிட்சைப் போடுகிறார். ஆழ்துளைக் கிணற்றுநீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுகிறது. சிறிது நேரம் சென்றதும் வால்வைத் திறந்து விடுகிறார். தெருக்குழாய்களில் குடங்கள் வரிசையாக நிற்கின்றன.

அந்த மோட்டாருக்கு மின் கட்டணம் செலுத்துவது யார்? தண்ணீரில் மருந்து கலக்க வேண்டிய அளவை முடிவு செய்வது யார்? ஊரின் கடைசித் தெருவில் உள்ள குழாய்க்குத் தண்ணீர் வரவில்லை என்றால் யாரைக் கேட்பது? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை ஒன்றே. அதுதான் கிராம ஊராட்சி. நமக்கு மிக அருகில் இருக்கும் அரசாங்கம் அது. அதன் அன்றாட வேலையில் இயற்பியல், வேதியியல், கணிதம் ஆகிய மூன்றும் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஊராட்சி என்பது எது?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்ள வேண்டும். பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றைக் கவனிக்கும் கிராம நிர்வாக அலுவலர் ஊராட்சியைச் சேர்ந்தவர் அல்லர். அவர் வருவாய்த் துறையின் அலுவலர். 1980-ஆம் ஆண்டில் கர்ணம், முன்சீப் முறை நீக்கப்பட்ட பிறகு ஏற்பட்ட பதவி அது. ஊராட்சியோ மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் மன்றம். ஊர் மக்கள் தலைவரை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒவ்வொரு வார்டிலிருந்தும் உறுப்பினர்கள் தேர்வாகிறார்கள். அந்த உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரைத் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். கணக்குகளையும் பதிவேடுகளையும் பராமரிக்க ஊராட்சிச் செயலர் இருக்கிறார். தொட்டி இயக்குபவரும் தூய்மைப் பணியாளர்களும் களத்தில் வேலை செய்கிறார்கள்.

இந்திய அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24-இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டித் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994-இல் இயற்றப்பட்டது. கிராமச் சாலைகள், தெருவிளக்கு, கழிவுநீர் வடிகால், குடிநீர், துப்புரவு, சுடுகாடு, இடுகாடு ஆகியவற்றை ஊராட்சி கட்டாயம் கவனிக்க வேண்டும் என்று இச்சட்டம் கூறுகிறது. மரம் நடுதல், விளையாட்டுத் திடல், படிப்பகம் போன்றவற்றையும் அது செய்யலாம். பல ஊராட்சிகள் சேர்ந்தது ஊராட்சி ஒன்றியம். 2019-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது மதுரை மாவட்டத்தில் மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டி முதலிய 13 ஒன்றியங்களும், அவற்றின்கீழ் 420 கிராம ஊராட்சிகளும் இருந்தன.

தொட்டியை நிரப்பும் இயற்பியல்

1,500 பேர் வாழும் ஓர் ஊராட்சியை எடுத்துக்காட்டாக வைத்துக் கொள்வோம். கிராமப்புறத்தில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் குடிநீர் என்பது 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவு. ஆகவே 1,500 × 55 = 82,500 லிட்டர் தேவை. 30,000 லிட்டர் கொள்ளும் தொட்டி ஒன்றுதான் இருக்கிறது என்றால், அதை நாள்தோறும் ஏறக்குறைய மூன்று முறை நிரப்ப வேண்டும்.

ஒரு முறை நிரப்ப எவ்வளவு மின்சாரம் ஆகும்? கிணற்றில் நீர்மட்டம் தரையிலிருந்து 50 மீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். தொட்டி 12 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். மொத்தம் 62 மீட்டர். ஒரு லிட்டர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் செய்ய வேண்டிய வேலை கிடைக்கும்.

30,000 × 9.8 × 62 = 1,82,28,000 ஜூல்.

ஒரு யூனிட் மின்சாரம் என்பது 36,00,000 ஜூல். எனவே சுமார் 5 யூனிட் போதும் என்று தோன்றும். ஆனால் மோட்டாரும் பம்பும் சேர்ந்து தாம் பெறும் ஆற்றலில் ஒரு பகுதியையே பயன்படும் வேலையாக மாற்றுகின்றன. அந்தப் பகுதி நூற்றுக்கு நாற்பது என்று கொண்டால், செலவாகும் மின்சாரம் 12½ யூனிட்டுக்குச் சற்று அதிகமாகும்.

மழை பொய்த்து நீர்மட்டம் 30 மீட்டர் இறங்கி 80 மீட்டருக்குப் போய்விட்டது என்று கொள்வோம். இப்போது ஒவ்வொரு முறை நிரப்பவும் கூடுதலாக ஏறத்தாழ 6 யூனிட் ஆகும். நாளொன்றுக்கு மூன்று முறை, ஆண்டுக்கு 365 நாள் என்று பெருக்கிப் பாருங்கள். ஆண்டொன்றுக்கு 6,000 யூனிட்டுக்கும் மேல் கூடுகிறது! தண்ணீர் ஒரு சொட்டும் கூடவில்லை, கட்டணம் மட்டும் கூடிவிட்டது.

ஊருணியைத் தூர்வாருவதும், கண்மாய்க்கு வரும் வரத்துக் கால்வாயை அடைபடாமல் காப்பதும் ஏன் வேண்டும் என்பது இதிலிருந்து விளங்கும். கண்மாயில் நீர் நின்றால் நிலத்தடி நீர்மட்டம் உயரும். அது உயர்ந்தால் ஊராட்சியின் மின் கட்டணம் குறையும். ஊருணி பெரும்பாலும் ஊராட்சியின் பொறுப்பில் இருக்கும். சிறு கண்மாய்களை ஊராட்சி ஒன்றியமும் பெரிய கண்மாய்களை அரசின் நீர்வளத் துறையும் கவனிக்கின்றன. ஆயினும் இவையெல்லாம் ஒரே நீரோட்டத்தால் இணைந்தவை என்பதை மறக்கக்கூடாது.

நூறு கிராம் தூளின் வேதியியல்

தொட்டியில் நீர் நிரம்பினால் போதாது. அது நோய் பரப்பாத நீராகவும் இருக்க வேண்டும். இதற்காக பிளீச்சிங் பவுடர் எனப்படும் வெளுப்புத் தூளைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதிலிருந்து கிடைக்கும் குளோரின் கிருமிகளைக் கொல்கிறது.

லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேர்க்க வேண்டும் என்று வைத்துக் கொள்வோம். 30,000 லிட்டருக்கு 30 கிராம் குளோரின் தேவை. தூளின் எடையில் நூற்றுக்கு முப்பது பங்கே பயன்படும் குளோரின் என்றால், 100 கிராம் தூள் வேண்டும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. வெளுப்புத் தூள் காற்றும் ஈரமும் பட்டால் தன் குளோரினைச் சிறிது சிறிதாக இழந்துவிடும். வாய் கட்டப்படாமல் பல மாதம் கிடந்த சாக்கில் குளோரின் நூற்றுக்குப் பதினைந்தாகக் குறைந்திருந்தால், அதே 100 கிராம் தூள் பாதி வேலையைத்தான் செய்யும். பதிவேட்டில் ‘100 கிராம் கலக்கப்பட்டது’ என்று எழுதியிருப்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் தண்ணீர் பாதுகாப்பானதாக இராது.

அப்படியானால் எதை நம்புவது? குழாய்நீரைச் சோதிக்க வேண்டும். குளோரின் கலந்த பிறகு குறைந்தது அரைமணி நேரம் நீரை நிற்கவிட வேண்டும். நீரிலுள்ள அழுக்குகளோடும் கிருமிகளோடும் வினைபுரிந்தது போக எஞ்சி நிற்பதை எச்சக் குளோரின் என்பர். இது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். குளோரஸ்கோப் என்ற சிறு பெட்டியில் குழாய்நீரை எடுத்து, ஆர்த்தோடாலிடின் கரைசலைச் சில சொட்டு விட்டால் மஞ்சள் நிறம் தோன்றும். அந்நிறத்தைப் பெட்டியிலுள்ள அளவு நிறங்களோடு ஒப்பிட்டு அளவை அறியலாம்.

இச்சோதனையை எந்தக் குழாயில் செய்ய வேண்டும்? தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் செய்தால் போதாது, கடைசிக் குழாயில் செய்ய வேண்டும். நீர் குழாய்க்குள் நெடுந்தொலைவு போகும்போது குளோரின் குறைந்துகொண்டே வருகிறது. அழுத்தமும் அவ்வாறே குறைகிறது. 12 மீட்டர் உயரத் தொட்டியின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1.2 கிலோகிராம் எடையளவு அழுத்தம் இருக்கும். குழாயின் உட்சுவரோடு உராய்வதாலும், வழியில் ஒவ்வொரு குழாயாகத் திறக்கப்படுவதாலும் அது குறைகிறது. நடுவில் சிலர் வீட்டுக்குழாயில் மோட்டாரை வைத்து உறிஞ்சினால் கடைசித் தெருவில் காற்றுதான் வரும். கடைசிக் குழாயில் நல்ல நீர் வந்தால், அதற்கு முன்னுள்ள எல்லாக் குழாய்களிலும் வரும் என்று பெரும்பாலும் நம்பலாம். ஆகவே அந்தக் குழாயே ஊராட்சியின் வேலைக்குச் சரியான அளவுகோல்.

பணமும் கையெழுத்தும்

இவ்வளவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் ஆகியவற்றை ஊராட்சி தானே வசூலிக்கிறது. சிறிய ஊராட்சிகளில் இது செலவுக்குப் போதுவதில்லை. எனவே மாநில நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மாநில அரசும், மத்திய நிதி ஆணையத்தின் பரிந்துரைப்படி மத்திய அரசும் மானியம் அளிக்கின்றன. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்குப் பதினைந்தாவது நிதி ஆணையம் அளித்த மானியத்தில் நூற்றுக்கு அறுபது பங்கைக் குடிநீருக்கும் துப்புரவுக்குமே செலவிட வேண்டும் என்பது விதி.

பணத்தை எடுக்கத் தலைவர் ஒருவர் கையெழுத்து மட்டும் போதாது. துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. ஒருவர் தவறினால் மற்றவர் தடுக்கலாம் என்பது இதன் நோக்கம். ஆனால் இருவரும் பகைத்துக் கொண்டால் வேலையாட்களின் சம்பளமும் நின்றுபோகக் கூடும். எந்தப் பூட்டுக்கும் உள்ள நன்மையும் இடையூறும் இதற்கும் உண்டு.

தெருவில் சிமெண்டுச் சாலை போட்டால், அதை அளந்து அளவுப் புத்தகத்தில் எழுதிய பிறகே பணம் கொடுப்பார்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால், 100 × 3 × 0.15 = 45 கன மீட்டர் கான்கிரீட். கனம் 12 சென்டிமீட்டராக இருந்துவிட்டால் 36 கன மீட்டர்தான். 3 சென்டிமீட்டர் சிறிய வித்தியாசமாகத் தோன்றும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு கான்கிரீட் குறைந்துவிட்டது! ஒரு டேப்பும் எட்டாம் வகுப்புக் கணக்கும் தெரிந்த எவரும் இதைக் கண்டுபிடிக்கலாம்.

கேட்கும் இடம்: கிராம சபை

கண்டுபிடித்ததை எங்கே சொல்வது? அதற்காகவே கிராம சபை இருக்கிறது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் அதன் உறுப்பினர்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கூடுவது ஊராட்சி மன்றம், ஊரே கூடுவது கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 ஆகிய இரண்டும் 2022-ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டன. நமது எடுத்துக்காட்டு ஊராட்சியில் குறைந்தது 100 பேராவது வந்தால்தான் கூட்டம் செல்லும். வரவு செலவுக் கணக்கு அங்கே வாசிக்கப்பட வேண்டும். கேள்விகள் கேட்கலாம். தீர்மானங்கள் பதிவேட்டில் எழுதப்படும்.

தீர்மானம் எழுதி என்ன பயன் என்று சிலர் நினைக்கலாம். மேலூருக்கு அருகிலுள்ள அரிட்டாபட்டியைப் பாருங்கள். குன்றுகளும் சுனைகளும் பழைய குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் உள்ள ஊர் அது. இந்த ஊரும் மீனாட்சிபுரமும் சேர்ந்த சுமார் 193 ஹெக்டேர் நிலப்பரப்பு 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இப்பகுதியை உள்ளடக்கிய டங்ஸ்டன் சுரங்கத்துக்கான ஏலத்தின் முடிவு 2024 நவம்பரில் வெளியாயிற்று. அதே மாதத்தில் அரிட்டாபட்டியிலும் சுற்றுப்புற ஊர்களிலும் கூடிய கிராம சபைகள் இதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. டிசம்பர் 9-இல் தமிழ்நாடு சட்டமன்றமும் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஏலத்தை ரத்து செய்யும் சட்ட அதிகாரம் கிராம சபைக்குக் கிடையாது. மக்கள் பல நாட்கள் போராடியதும் முடிவுக்குக் காரணம். ஆயினும் ஊர் என்ன நினைக்கிறது என்பதற்கு எழுத்து மூலமான சான்றை உண்டாக்கியது அந்தக் கூட்டமே.

நாற்காலியில் யார் அமர்வது?

கடைசிக் குழாயை மீண்டும் நினைவுபடுத்திக் கொள்வோம். நம் பல ஊர்களில் ஆதிதிராவிடர் குடியிருப்பு ஊருக்குச் சற்றுத் தள்ளி அமைந்துள்ளது. குழாயும் விளக்குக் கம்பமும் சாலையும் அங்கே போய்ச் சேர்வது கடைசியாகத்தான். கடைசித் தெருவில் வாழ்பவர் மன்றத்தில் இல்லாவிட்டால் அத்தெருவின் குறை தீர்மானப் புத்தகத்தில் ஏறாமலே போய்விடக்கூடும். இதை உணர்ந்துதான் சட்டம் பட்டியல் சாதியினர், பட்டியல் பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு இடங்களையும் தலைவர் பதவிகளையும் சுழற்சி முறையில் ஒதுக்கியது. தமிழ்நாட்டில் பெண்களுக்கான பங்கு 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது.

மதுரை மாவட்டத்தில் இந்த நாற்காலிக்காகக் கொடுக்கப்பட்ட விலை பெரிது. 1996-இல் மேலூருக்கு அருகிலுள்ள மேலவளவு ஊராட்சியின் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. முருகேசன் என்பவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தப் பதவியை அவர் ஏற்றதைப் பொறுக்காத ஆதிக்க சாதியினர் சிலர், 1997 ஜூன் 30 அன்று பேருந்தில் வந்துகொண்டிருந்த அவரையும் சேர்த்து ஆறு பேரை வெட்டிக் கொன்றனர். அவ்வழக்கில் பதினேழு பேருக்கு விதிக்கப்பட்ட ஆயுள் தண்டனையை 2009-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

அதே மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்று ஊராட்சிகளிலும், அண்டை மாவட்டமான விருதுநகரில் கொட்டகச்சியேந்தலிலும் தலைவர் பதவி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே பத்தாண்டுகள் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. எவரும் மனு கொடுக்காமல் தடுப்பார்கள். அல்லது வென்றவர் பதவியேற்றவுடனே விலகிவிடுவார். 2006 அக்டோபரில்தான் இந்நான்கு ஊர்களிலும் தேர்தல் முழுமையாக நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றுத் தொடர்ந்தனர். பின்னர் 2021 அக்டோபர் 2-இல் பாப்பாபட்டியில் நடந்த கிராம சபைக் கூட்டத்தில் தமிழ்நாட்டு முதலமைச்சரே வந்து கலந்து கொண்டார்.

மோட்டார், வால்வு, வெளுப்புத் தூள், அளவுப் புத்தகம் ஆகிய எல்லாம் சரியாக இருந்தாலும், நாற்காலி காலியாக இருந்தால் கேள்வி கேட்க ஆள் இராது. உரிய காலத்தில் தேர்தல் நடப்பதும் இதனாலேயே முக்கியமாகிறது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. புதிய தேர்தல் நடவாததால் அவற்றின் நிர்வாகம் சிறப்பு அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அலுவலர் திறமையாக வேலை செய்யலாம். ஆனால் அவரை வாக்களித்து அமர்த்தவோ மாற்றவோ ஊராரால் இயலாது.

செய்து பாருங்கள்

1. உங்கள் தெருக்குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று அளந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை லிட்டர் வரும் என்று கணக்கிடுங்கள். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயிலும் ஊரின் கடைசிக் குழாயிலும் ஒரே நாளில் அளந்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

2. மூடித் திருகு இல்லாத ஒரு குழாயில் 6 வினாடிக்கு 1 லிட்டர் நீர் வீணாகிறது. இரண்டு மணி நேரத்தில் எத்தனை பேருடைய ஒருநாள் பங்கு வீணாகிவிடும்? (ஒருவருக்கு 55 லிட்டர்.)

3. ஊரில் 100 தெருவிளக்குகள் இரவில் 12 மணி நேரம் எரிகின்றன. 40 வாட் குழல் விளக்குகளை நீக்கி 20 வாட் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினால் ஒரு மாதத்தில் எத்தனை யூனிட் மிச்சமாகும்?

4. வெளுப்புத் தூளை நீங்களே கையாள வேண்டாம். அது தோலையும் கண்ணையும் எரிக்கும். ஆனால் தொட்டி இயக்குபவரிடம் எத்தனை கிராம் கலக்கிறார், கடைசிக் குழாயில் எப்போது சோதித்தார் என்று மரியாதையுடன் கேட்டு எழுதி வாருங்கள்.

5. அடுத்த கிராம சபைக்குப் பெரியவர்களோடு போய் உட்காருங்கள். உங்களுக்கு வாக்குரிமை இன்னும் வரவில்லை. ஆனாலும் நீங்கள் அளந்த கணக்கை எழுதி வீட்டுப் பெரியவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லலாம். அது பதிவேட்டில் ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

(விடைகள்: 2. சுமார் 22 பேர். 3. 720 யூனிட்.)